சுரங்கக் கசட்டில் உலோகத்தைப் பிடித்து வைப்பது எந்தக் கனிமம்? கண்டுபிடிக்கும் வழி

கோலார் தங்கவயல் வழியாகச் செல்லும் தங்கப் பாறைப் பட்டை தெற்கே இறங்கி, ஆந்திர எல்லைக்குள் குப்பம் பக்கத்துச் சிகர்குண்டா வரை வருகிறது. தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பாறையை அரைத்து, சைனைடால் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மேடுகள் இன்னும் நிற்கின்றன. இந்தப் பட்டையின் மேற்கு வரிசைத் தாதுக்களில் தங்கம் தனியாக இருப்பதில்லை. பைரோடைட், பைரைட், ஆர்சனோபைரைட் என்னும் கந்தகக் கனிமங்கள் கூடவே வரும். எனவே இந்தப் பக்கம் மண்ணையோ நீரையோ கையில் எடுப்பவர் முதலில் தேட வேண்டியது ஆர்சனிக்கை. செம்பு, துத்தநாகம், நிக்கல், ஈயம் அதற்குப் பிறகு.

குப்பம், குடுபல்லி, வேப்பனப்பள்ளி வட்டாரக் கல்லூரி மாணவர்கள், ஆய்வக உதவியாளர்கள், நீர் மாதிரி எடுக்கும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. சுரங்கக் கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்துச் சுத்திகரித்தபின் தெளிந்த நீர் மேலே போய்விடும். உலோகம் எங்கும் போகாது, அடியில் படிந்த கசட்டில் இருக்கும். ஆய்வறிக்கை “ஒரு கிலோ கசட்டில் இத்தனை மில்லிகிராம்” என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. அதே 500 மி.கி. துத்தநாகம் சுண்ணாம்புக்கல்லோடு ஒட்டியிருந்தால் புளித்த மழைநீரே கரைத்துவிடும். கோதைட் என்னும் இரும்புக் கனிமப் படிகத்துக்குள் அடைபட்டிருந்தால் பல காலம் அசையாது. எந்தக் கனிமம் பிடித்திருக்கிறது, எந்தச் சூழலில் அது பிடியை விடும் என்பவைதான் கேள்விகள்.

பிடிப்பவை யார்?

பைரைட் காற்றும் நீரும் பட்டு உடையும்போது கந்தக அமிலமும் இரும்பும் வெளியேறும். அந்த அமிலம் மற்ற உலோகங்களைக் கரைக்கும். சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச்சை ஏற்றும்போது முதலில் படிவது மூன்றிணைய இரும்பு, பிஎச் 3 முதல் 3.5-லேயே. அலுமினியம் 5-ஐ நெருங்கும்போது வெள்ளைப் பஞ்சாகப் படியும். செம்பு 6 முதல் 7, துத்தநாகம் 8-க்கு மேல், காட்மியமும் மாங்கனீசும் 9-க்கு மேல். இவை எல்லாம் தனித்தனி ஹைட்ராக்சைடாகப் படிவதற்கான கணக்கு. கூடவே இரும்பு படிந்துகொண்டிருந்தால் இந்த எண்கள் கீழே இறங்கும். காரணம், அந்த இரும்புப் படிவின் மேற்பரப்பு.

புதிதாகப் படிந்த இரும்பு பெரும்பாலும் ஃபெரிஹைட்ரைட் என்னும் நுண்துகள் கனிமம். அதன் துகள் 2 முதல் 6 நானோமீட்டர்தான். ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் மேல் மேற்பரப்பு. அந்த மேற்பரப்பில் ஈயம் பிஎச் 4 முதல் 5-லேயே ஒட்டும், செம்பு 5 வாக்கில், துத்தநாகம் 6.5 வாக்கில், காட்மியமும் நிக்கலும் 7-ஐ ஒட்டி. ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட்டுக்கு வழி நேர் எதிர்: அது எதிர்மின்னூட்டம் உள்ளது, அமிலப் பக்கம்தான் நன்றாக ஒட்டும், பிஎச் 8-ஐத் தாண்டினால் பிடி தளரும். ஒரே தொட்டியில் துத்தநாகத்தையும் ஆர்சனிக்கையும் பிடிக்க முயல்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். சுண்ணாம்பை அள்ளிப் போட்டுப் பிஎச்சை 10-க்கு ஏற்றினால் துத்தநாகம் அடங்கும், ஆர்சனிக் நீருக்குத் திரும்பும், அலுமினியமும் கரையத் தொடங்கும். இரண்டும் உள்ள நீருக்கு 7 முதல் 8 வரைதான் நியாயமான இடம்.

பிஎச் 3 முதல் 4 வரை, சல்பேட்டும் மிகுந்திருந்தால், ஃபெரிஹைட்ரைட்டுக்குப் பதில் ஷ்வெர்ட்மன்னைட் உருவாகும். உதோ ஷ்வெர்ட்மன் என்னும் ஜெர்மன் மண்ணியலாளர் பெயரால் வழங்கும் கனிமம் அது. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். ஆர்சனேட்டை அபாரமாகப் பிடிக்கும். ஆனால் நிலையற்றது: மாதக்கணக்கில் கோதைட்டாக மாறும், மாறும்போது தன்னிடமிருந்த சல்பேட்டையும் அமிலத்தையும் வெளிவிடும். பிஎச் 7-இல் மூடிவைத்த கசட்டுக்கிடங்கு அடுத்த ஆண்டு 5-இல் நின்றால், யாரோ அமிலம் கொட்டிவிட்டார்கள் என்று தேடுவதற்கு முன் இதைச் சந்தேகியுங்கள்.

பிஎச் 3-க்குக் கீழே ஜாரோசைட் என்னும் இரும்பு சல்பேட் கனிமம். சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் கால்சைட்டும் (கால்சியம் கார்பனேட்) ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்). ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையக்கூடியது, உலோகப் பிடிப்புக்கு அதை நம்பாதீர்கள்; கசட்டின் எடையைக் கூட்டி, மில்லிகிராம் கணக்கைக் குறைவாகக் காட்டுவதுதான் அதன் வேலை. கால்சைட் காட்மியத்தை நன்றாக உள்வாங்கும், அமிலம் பட்டால் உடனே விடும். கறுப்பு மாங்கனீசு ஆக்சைடு அளவில் கொஞ்சம் இருந்தாலும் ஈயம், கோபால்ட்டை விடாது. நச்சு மிகுந்த ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றும் நல்ல குணமும் அதற்கு உண்டு. அதே ஆக்சிஜனேற்ற வேலையைக் குரோமியத்திடம் காட்டினால் மூவிணையக் குரோமியம் ஆறிணையமாகி நச்சாகிவிடும். பாலாற்றின் கீழ்ப்பக்கம் வாணியம்பாடித் தோல் கழிவையும் மாங்கனீசு உள்ள சுரங்கக் கசட்டையும் ஒரே குழியில் கொட்டலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

முதலில் பக்கெட்டில் பழகுங்கள்

உண்மையான சுரங்கக் கசட்டைத் தொடுவதற்கு முன் ஒரு பழக்கக் கசடு செய்துபாருங்கள். பொருள்கள் உரக்கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்: அன்னபேதி (இரும்பு சல்பேட்), மயில்துத்தம் (செம்பு சல்பேட்), துத்தநாக சல்பேட், நீற்றுச் சுண்ணாம்பு. ஆர்சனிக்கை எக்காரணம் கொண்டும் இதில் சேர்க்க வேண்டாம்.

20 லிட்டர் நீருக்கு அன்னபேதி 20 கிராம், மயில்துத்தம் 0.4 கிராம், துத்தநாக சல்பேட் 0.5 கிராம். இதில் லிட்டருக்கு இரும்பு 200 மி.கி., செம்பும் துத்தநாகமும் 5 மி.கி. வீதம் வரும். கடை அன்னபேதி பழுப்பேறியிருந்தால் ஒரு பகுதி இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனேறிவிட்டது. வெளிர்பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு கணக்குப்படி 6 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். கடைச் சுண்ணாம்பில் ஒரு பகுதி காற்றுப்பட்டுக் கார்பனேட்டாகிக் கிடக்கும் என்பதால் 8 கிராம் எடுத்து, அரை லிட்டர் நீரில் பாலாகக் கரைத்து வையுங்கள். பேட்டரி வாட்டரில் ஒரு தடவை, உங்கள் ஊர் போர் தண்ணீரில் ஒரு தடவை செய்துபாருங்கள். போர் நீரிலுள்ள சிலிக்கா இரும்பு படிகமாவதைத் தடுத்து ஃபெரிஹைட்ரைட் பக்கம் தள்ளும். சிலிக்கா இல்லாத நீரில் ஈரிணைய இரும்பிலிருந்து லெப்பிடோகுரோசைட் என்னும் வேறொரு இரும்புக் கனிமம் கலந்து வரும். அதன் ஆரஞ்சு கொஞ்சம் பளிச்சென்று இருக்கும்.

மீன்தொட்டிக் காற்றுப்பம்பை ஓடவிட்டு, சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி பிஎச் 7.5-இல் நிறுத்துங்கள். முதலில் நீர் அழுக்குப் பச்சையாகும், சில நேரம் நீலம் கலந்த பச்சை. பலர் இங்கே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது பச்சைத்துரு, பாதி ஆக்சிஜனேறிய இடைநிலை. காற்று தொடர்ந்தால் விளிம்பிலிருந்து பழுப்பேறி ஆரஞ்சாக மாறும். இரும்பு ஆக்சிஜனேறும்போது அமிலம் வெளிவருவதால் பிஎச் தானாக இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சுண்ணாம்பு சேருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் சுண்ணாம்புத் துகளைச் சுற்றி இரும்பு பூசிக்கொண்டு உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வீணாகும். பிஎச் அரைமணி நேரம் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. ஒரு இரவு அடங்கவிட்டால், காய்ந்த எடையில் சுமார் 8 கிராம் கசடு கிடைக்கும்.

கசட்டை நீரோடு கலக்கி ஆறு பாட்டில்களில் சமமாகப் பிரியுங்கள். நீர்த்த நைட்ரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் கொண்டு பிஎச்சை முறையே 4, 5, 6, 7, 8, 9 என்று நிறுத்துங்கள். 24 மணி நேரம் குலுக்கி வடிகட்டி, நீரில் செம்பையும் துத்தநாகத்தையும் அளந்து வரைபடம் போடுங்கள். துத்தநாகம் 6.5-ஐ ஒட்டிக் கழன்று வருவதையும், செம்பு 5-க்குப் போகும்வரை பிடித்துக்கொண்டிருப்பதையும் நேரில் பார்ப்பீர்கள். பிஎச்சை அமைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் அது நகரும், மறுபடி சரிசெய்ய வேண்டும்.

களத்தில் மாதிரி எடுப்பது

கைவிட்ட சுரங்கத்தின் பழைய குழி வாய்களுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். நிலத்துக்குரியவரின் அனுமதியும் வேண்டும். பாலித்தீன் பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒருநாள் ஊறவைத்துக் கழுவிக் கொண்டுபோங்கள். பிஎச் மீட்டரை 4, 7, 9.2 திரவங்களில் களத்திலேயே சரிபாருங்கள். ரெடாக்ஸ் (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலை) அளவையும் அங்கேயே எடுங்கள். வெள்ளி-வெள்ளிக்குளோரைடு மின்வாய் காட்டும் எண்ணோடு சுமார் 200 மில்லிவோல்ட் கூட்டினால்தான் உண்மை மதிப்பு.

நீரை அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, நைட்ரிக் அமிலத்தால் பிஎச் 2-க்குக் கீழே இறக்குங்கள். வடிகட்டாமல் அமிலம் விட்டால் மிதந்த ஃபெரிஹைட்ரைட்டும் கரைந்து, கரைந்த உலோகம் அதிகம் என்று பொய் சொல்லும். 0.45 மைக்ரானிலும் மிக நுண்ணிய துகள் தப்பும். இரும்பு சந்தேகத்துக்கிடமாக அதிகமாக வந்தால் 0.1 மைக்ரானில் மறுபடி செய்யுங்கள்.

கசட்டைக் குழாயால் குத்தி எடுத்தால் பெரும்பாலும் மேலே ஒன்று இரண்டு சென்டிமீட்டர் ஆரஞ்சு, கீழே சாம்பலோ கறுப்போ. இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிடாதீர்கள். மேலே இரும்பு ஆக்சைடு, கீழே ஆக்சிஜன் இல்லாத சல்பைடு: இரண்டு வேறு உலகம். கறுப்பை ஜாடியின் வாய்வரை நிரப்பி, காற்றிடம் விடாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐந்து இடத்தில் எடுத்து ஒன்று சேர்ப்பது நல்லது. பத்து மாதிரிக்கு ஒன்றை இரண்டு முறை எடுங்கள், தூய நீர் மட்டும் நிரப்பிய வெற்றுப் பாட்டில் ஒன்றும் வையுங்கள்.

கோடையில் காய்ந்த கிடங்கின் மேல் வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் அதைத் தனியாகச் சுரண்டி எடுங்கள். அது நீரில் கரையும் சல்பேட். உலோகமும் அமிலமும் அதில் செறிந்திருக்கும். முதல் மழை அத்தனையையும் ஒரே நாளில் கால்வாயில் கொண்டுசேர்க்கும். ஏரிநீரை மாதமொருமுறை அளப்பவர்கள் தவறவிடுவது இந்த நாளைத்தான்.

கசட்டை 105 டிகிரியில் காயவைத்துப் பிரித்தெடுக்காதீர்கள், வெப்பம் ஃபெரிஹைட்ரைட்டை முதுமையாக்கிவிடும். ஈரமாகவே எடையிட்டு, வேறொரு துண்டை மட்டும் 105-இல் காயவைத்து ஈரப்பதம் கண்டு கணக்கிடுங்கள். ஈரம் 60 சதவீதம் என்றால் 1 கிராம் காய்ந்த கசட்டுக்கு 2.5 கிராம் ஈரக் கசடு.

படிப்படியாகப் பிரித்தெடுத்தல்

கசட்டை ஒன்றன்பின் ஒன்றாக வேறுவேறு கரைசலில் கரைத்து, எந்தக் கனிமத்திலிருந்து எவ்வளவு உலோகம் வருகிறது என்று பார்ப்பதுதான் இது. 1979-இல் டெஸ்ஸியர் குழு அமைத்த ஐந்து படி முறை பழையது. இப்போது அதிகம் பயன்படுவது ஐரோப்பிய பிசிஆர் (BCR) முறை. புதியவர்களுக்கு பிசிஆர் போதும், ஒப்பிட பிசிஆர்-701 என்ற சான்றுபெற்ற மாதிரியும் கிடைக்கும்.

தொடங்குமுன் ஒரு தடை. தங்க ஆலைக் கழிவில் சைனைடு மிச்சமிருக்கலாம். அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சைனைடு வாயு வரும், அது உயிரைக் குடிக்கும். சைனைடு சோதனை செய்து இல்லை என்று உறுதியாகாமல் அமிலப் படிகளைத் தொடவே தொடாதீர்கள். உறுதியானபிறகும் வாயு உறிஞ்சும் புகைப்பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும்.

படி 1: 1 கிராம் கசட்டுக்கு 0.11 மோலார் அசிட்டிக் அமிலம் 40 மி.லி., அறை வெப்பத்தில் 16 மணி நேரக் குலுக்கல். மேற்பரப்பில் லேசாக ஒட்டியதும் கால்சைட்டோடு இருந்ததும் வெளிவரும். குலுக்கி முடித்தபின் பிஎச்சை அளக்க மறக்காதீர்கள். சுண்ணாம்பு மிச்சமுள்ள கசடு இந்த மெல்லிய அமிலத்தைத் தின்றுவிடும். பிஎச் 6-இல் நின்றால் முழுவதும் கரையவில்லை. மறுபடி 40 மி.லி. விட்டு இரண்டையும் கூட்டுங்கள்.

படி 2: 0.5 மோலார் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு, பிஎச் 1.5, 40 மி.லி., 16 மணி நேரம். மாங்கனீசு ஆக்சைடும் படிகமாகாத இரும்பும் கரையும். இந்தக் கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும்.

படி 3: 8.8 மோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில், ஒரு மணி நேரம் 85 டிகிரியில், பிறகு 3 மி.லி.க்குக் கீழே வற்றவைத்து, மறுபடி 10 மி.லி. விட்டு 85 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து 1 மி.லி. அளவுக்கு வற்றவிடுங்கள். ஆறியதும் பிஎச் 2-க்குச் சரிசெய்த 1 மோலார் அம்மோனியம் அசிட்டேட் 50 மி.லி., 16 மணி நேரம். சல்பைடும் கரிமமும் சேர்ந்தது வெளிவரும். கறுப்புக் கசட்டில் பெராக்சைடு பொங்கும். மூடியை இறுக்கினால் குழாய் வெடிக்கும்.

மீதியை இராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரையுங்கள். ஒவ்வொரு படிக்கு நடுவிலும் 3000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றிப் பிரித்து, 20 மி.லி. நீரால் 15 நிமிடம் கழுவுங்கள். கழுவும்போது நுண்துகள் போய்விடுவதுதான் பிழையின் முதல் காரணம். நீரை ஊற்றிக் கவிழ்க்காமல் பிப்பெட்டால் உறிஞ்சுங்கள்.

கணக்கு எளிது. படி 1 கரைசலில் துத்தநாகம் லிட்டருக்கு 0.9 மி.கி. என்றால், 40 மி.லி.யில் 0.036 மி.கி.; ஒரு கிராமிலிருந்து வந்ததால் கிலோவுக்கு 36 மி.கி. ஈரக் கசட்டில் இருந்த 1.5 மி.லி. நீரையும் 40-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு படியின் கூட்டுத்தொகையைத் தனியாக இராஜதிராவகத்தில் கரைத்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விளக்கம் எழுத உட்காராமல் வேலையை மறுபடி செய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. படி 2 கோதைட்டையும் ஹெமடைட்டையும் முழுவதும் கரைக்காது. நம் பக்கத்துச் செம்மண் கலந்த கசட்டில் அவை நிறைய இருக்கும். அதனால் ‘மீதி’ என்பது சிலிக்கேட்டில் பூட்டியது என்று அர்த்தமல்ல. இரண்டாவது, இந்த முறை உலோக அயனிகளுக்காக அமைந்தது, ஆர்சனிக்குக்குச் சரிவராது. ஆர்சனிக்குக்கு 2001-இல் வென்ஸல் குழு தந்த முறை: 1 கிராமுக்கு 25 மி.லி. வீதம், 0.05 மோலார் அம்மோனியம் சல்பேட்டில் 4 மணி, 0.05 மோலார் அம்மோனியம் பாஸ்பேட்டில் 16 மணி, 0.2 மோலார் ஆக்சலேட் பிஎச் 3.25-இல் இருட்டில் 4 மணி, அதே ஆக்சலேட்டோடு அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து 96 டிகிரியில் அரைமணி, கடைசியில் நைட்ரிக் அமிலம். இருட்டு என்பது சம்பிரதாயம் அல்ல. வெளிச்சத்தில் ஆக்சலேட் படிக இரும்பையும் கரைத்து முடிவைக் குழப்பும்.

எக்ஸ்கதிர் படம் எடுக்க வசதி இருந்தால் கோதைட் 21.2 டிகிரியிலும் கால்சைட் 29.4-லும் ஜிப்சம் 11.6-லும் கூர்மையாகத் தெரியும். ஃபெரிஹைட்ரைட் 35-லும் 62-லும் இரண்டு அகன்ற மேடு மட்டும். படத்தில் இரும்புக் கனிமம் தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளாகாது, படிகமாகவில்லை என்றுதான் பொருள். தாமிரக் குழாய்க் கதிரில் இரும்பு பின்னணியை வேறு ஏற்றிவிடும், மெதுவாக ஓடவிடுங்கள்.

பிடி எங்கே நழுவும்?

பிரித்தெடுத்த எண் இப்போதைய நிலையை மட்டும் சொல்லும். நாளை என்ன நடக்கும் என்று தெரிய, கசட்டை வேண்டுமென்றே தொந்தரவு செய்து பாருங்கள்.

காற்று இல்லாத சோதனை எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத்தரும். ஒரு லிட்டர் கசட்டுக் கலவையில் 5 கிராம் வெல்லமும் ஒரு கரண்டி ஏரிச் சேறும் போட்டு, வாயு வெளியேற மூடியைச் சற்றே தளர்த்தி, வெளித்தாழ்வாரத்தில் மூன்று வாரம் வையுங்கள். ஆரஞ்சு சாம்பலாகிக் கறுக்கும், அழுகிய முட்டை வாடை வரும். வாரம் ஒருமுறை கொஞ்சம் வடிகட்டிப் பெனாந்த்ரோலின் விட்டுப் பாருங்கள்: செவ்வாரஞ்சு ஏறுகிறது என்றால் இரும்பு ஆக்சைடு கரைந்து ஈரிணைய இரும்பாகிறது. அதோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீருக்கு வரும். செம்பும் துத்தநாகமும் அதே நேரம் சல்பைடாக அடங்கிக் குறையலாம். ஒரே சூழல் ஒன்றை அவிழ்க்கிறது, இன்னொன்றைக் கட்டுகிறது. கசட்டுக் கிடங்கில் சாணம், குப்பை, சாக்கடை நீர் சேரவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பாஸ்பேட் சோதனையும் செய்யுங்கள். ஆர்சனேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் வடிவம் ஒன்றுபோல இருப்பதால் மேற்பரப்பில் இடத்துக்குப் போட்டி. தக்காளித் தோட்டத்து டிஏபி (பாஸ்பேட் உரம்) வழிந்து கிடங்கில் கலந்தால் ஆர்சனிக் இடம் விட்டு வெளியேறும். இரும்பு மிகுந்த கசட்டை எருவென்று வயலில் போட நினைப்பவர்களுக்கும் இதே பதில்.

கசட்டை அப்புறப்படுத்துமுன், கழிவிலிருந்து நச்சு எவ்வளவு கசியும் என்று பார்க்கும் டிசிஎல்பி (TCLP) சோதனை: 1 பங்குக்கு 20 பங்கு அசிட்டிக் கரைசல், 18 மணி நேரச் சுழற்சி. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி கரைசலில் ஆர்சனிக் அல்லது ஈயம் லிட்டருக்கு 5 மி.கி., காட்மியம் 1 மி.கி. எட்டினால் அது அபாயக் கழிவு. ஒன்று கவனிக்க: டிசிஎல்பி அமிலத்தில் நடக்கிறது, அமிலத்தில் ஆர்சனிக் ஒட்டியே இருக்கும். ஆர்சனிக் கசடு இதில் தேறிவிட்டு, காற்றில்லாத குழியில் தோற்கலாம். வெல்லச் சோதனையை அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். வெளிவிடும் நீருக்கான வரம்பு ஆர்சனிக் 0.2, ஈயம் 0.1 மி.கி.; குடிநீர் வரம்பு இரண்டுக்கும் 0.01. இரண்டு பட்டியலையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு அறிக்கை எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

பிரித்தெடுப்பில் மிஞ்சிய அமிலங்களைச் சிங்கில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் சேர்த்து, சுண்ணாம்பால் பிஎச் 8-க்குக் கொண்டுவந்து, அன்னபேதிக் கரைசல் கொஞ்சம் விட்டுக் காற்றூதிப் படியவிடுங்கள். மேல்நீரை அளந்துபார்த்தபின் வெளிவிடுங்கள், அடியில் தங்கியதை மூடிய டப்பாவில் பெயர், தேதி, பிஎச் எழுதி அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.